ஒன்றும் விளங்காத பிள்ளை

மேசையின் ஒரு பக்கத்தில் மனைவி நின்றார், மற்றப் பக்கத்தில் கணவர். நடுவில், ரைப்ரைட்டருக்குப் பின்னால், நான். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது.

“அக்கா, எங்களில ஆர் இதைச் சொன்னது? இவரோ, நானோ? உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்கோ.”

கேட்டவர் பாக்கியம். மூதூருக்கு அங்கால், கட்டைபறிச்சானிலிருந்து வந்தவர். அவருடைய கணவர் வேலாயுதம் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல் என்னையே பார்த்தபடி நின்றார். இரண்டு பேரும் ஒரே லோஞ்சில்தான் குடாவைக் கடந்து வந்திருந்தார்கள். ஆனால் ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்கும் இருந்து வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டில் பல நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அவர்களுடைய மகள் பவளம் வாசற்படியில் குந்தியிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது, பேச்சும் வரவில்லை. கடிதம் அவளைப் பற்றியது.

பாக்கியம் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. “தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கேட்டேன்.

சாகாத மனைவி

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, எனக்கு மனிதர்களில் நம்பிக்கையே கிடையாதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கிடையாது, அம்மா. இருந்தது, போய்விட்டது. எப்படிப் போனதென்று சொல்கிறேன்.

திருகோணமலையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டத்தின் அரசாங்கக் கந்தோருக்கு, போகிற தெருவில், ஹனீபா நானாவின் தையல்கடையோடு ஒட்டியிருந்த சின்ன அறையில் நான் இருந்து பெட்டிசம் எழுதினேன். அரசாங்கத்துக்கு மனுப் போட வேண்டியவர்கள், எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் கந்தோர்ப் பாசை தெரியாதவர்கள் எல்லாம் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சில் அடித்துக் கொடுப்பேன். ஆண்கள் செய்கிற வேலை அது. அதனால் ஊருக்குள் எனக்குப் பெயர் ‘பெட்டிசக்காரி’. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பெட்டிசக்காரி.

தொடங்கின புதிதில் தம்பலகாமத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவி செத்துப்போனா, மூன்று பிள்ளைகளோடு தவிக்கிறேன், வயற்காணி ஒன்று தரவேண்டும் என்று எழுதச் சொன்னார். அந்த ஆளின் முகத்தைப் பார்க்க ஏலாமல் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். என் கண்ணீர் தாளில் விழுந்து ஒரு சொல் அழிந்து, திரும்ப அடிக்கவேண்டி வந்தது.

அடுத்த கிழமை ஒரு பெண் வந்தார். தன் புருசன் தன்னைத் தள்ளி வைத்துவிட்டான் என்று அவன் மேல் பெட்டிசம் போட வேண்டுமாம். பெயரைக் கேட்டேன். போன கிழமை நான் சாகடித்த மனைவிதான். பழுதில்லாமல், வெற்றிலை போட்டுக்கொண்டு, என் முன்னால் கதிரையில் இருந்தார்.

அன்றைக்குப் பிறகு நான் அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் கார்பன் பிரதி எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்தேன். ஆர் வந்து என்ன சொன்னாலும் முதலில் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஒரு படி கூட்டி

ஆனால், அந்த ஆளைத் திட்டுகிற எனக்கும் யோக்கியதை இல்லை. பெட்டிசம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழமை இருந்தது. உள்ளதை ஒரு படி கூட்டித்தான் எழுதுவது. கூரை ஒழுகினால் கூரையே இல்லை என்று எழுதுவோம். ஒரு மாடு செத்தால் பட்டியே அழிந்தது. தலையிடி என்றால் படுத்த படுக்கை.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கந்தோரில் இருக்கிறவர்களுக்கும் இந்த வழமை தெரியும். அவர்கள் பாதியைக் கழித்துவிட்டுத்தான் வாசிப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் அதிலும் பாதி போய்விடும், வந்தவரின் காரியம் கெட்டுவிடும். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த சொல்லாத உடன்பாடு அது. கேட்டு வந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு நாங்கள் வாசித்தும் காட்டுவதில்லை. அவசரத்தில் ஆருக்கு நேரம் இருந்தது?

மூடி விழுந்தபோது

பாக்கியம் முதல் தரம் வந்தது மழைக்காலம் தொடங்குகிற நேரம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கிராமத்துப் பாடசாலையில் பவளத்தைப் கடைசி வாங்கில் இருத்தினார்களாம். பிறகு, சும்மா இருக்கிற பிள்ளையை ஏன் அனுப்புகிறீர்கள் என்றார்களாம். வடக்கே காது கேளாத பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பாடசாலை இருக்கிறது, அங்கே எழுத வாசிக்கப் பழக்குவார்கள் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து வயது நிரம்பினால் எடுக்க மாட்டார்கள். பவளத்துக்கு வருகிற மாசியில் பத்து. தை மாதம் பாடசாலை தொடங்கும்போது இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் இல்லை.

எனக்கு உடனே சந்தேகம். விடுதி என்றால் சாப்பாடும் படுக்கையும் இலவசம். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று இல்லாத நோய் வருத்தத்தைச் சொல்லிப் பிள்ளையைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பாக்கியம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் இருந்த பிஸ்கற் பேணியின் மூடியைக் கையால் தட்டிவிட்டேன். அது பவளத்தின் பின்னால் விழுந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

“காது கேக்குதே,” என்றேன். பிடித்துவிட்டேன் என்கிற சந்தோசம் எனக்கு.

பாக்கியம் கோபிக்கவில்லை. குனிந்து மூடியை எடுத்தார். தன் சேலைத் தலைப்பை நாலாக மடித்து நிலத்தில் வைத்து, அதற்கு மேலே மூடியைப் போட்டார். சத்தம் கேட்டது. பிள்ளை அசையவில்லை.

“பலகை நிலம் அக்கா,” என்றார். “காலால கேப்பாள். இன்னும் சோதிக்கிறதெண்டால் சோதியுங்கோ. நாங்கள் லோஞ்சு வெளிக்கிடுமட்டும் இருப்பம்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெஷினில் தாளைச் செருகி அடிக்கத் தொடங்கினேன். என் மேசையின் ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. அடிக்கும்போது மேசை ஆடும், நானும் அதோடு ஆடிப் பழகிவிட்டேன். பவளம் எழும்பி வந்து மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் குப்பைக்கூடையில் கிடந்த பிழையாக அடித்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்து நாலாக மடித்து, குனிந்து, கட்டைக் காலின் அடியில் செருகினாள். திரும்ப ஒருதரம் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படியில் குந்தினாள். எத்தனையோ வருடமாக எனக்கு வராத யோசனை.

அந்த ஆடாத மேசையில் இருந்துதான் நான் இப்படி அடித்தேன்: ‘செவிப்புலனும் பேச்சும் அற்றதோடு, எதையும் விளங்கிக்கொள்ளும் அறிவும் இல்லாத, தன் தேவையைத் தானே பார்க்க இயலாத, பெற்றோருக்குப் பெரும் பாரமாயுள்ள பிள்ளை.’

ஒரு படி கூட்டி.

பாக்கியம் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். வேலாயுதம் வேலையால் வர ஏலாததால் இரண்டு நாள் கழித்துத் தனியே வந்து தன் விரலை வைத்துவிட்டுப் போனார். நான் வாசித்துக் காட்டவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

இருவரில் எவர்

இப்போது மேசையில் கிடந்தது அந்தப் பெட்டிசத்துக்கு வந்த பதில். கற்பிக்கக்கூடிய பிள்ளைகளையே தாங்கள் ஏற்பதாகவும், உங்கள் மகள் எதையும் விளங்கிக்கொள்ளாதவர் என்றும் உங்களுக்குப் பாரமாயுள்ளவர் என்றும் பெற்றோராகிய நீங்களே குறிப்பிட்டிருப்பதால் இடமளிக்க இயலாது என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு எங்கள் வழமை தெரிந்திருக்கவில்லை. பாதியைக் கழிக்காமல் முழுவதையும் நம்பிவிட்டார்கள்.

மூதூரில் ஒரு கடைக்காரர் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டதும் பாக்கியம் புருசனைப் பார்த்தார். புருசன் பாக்கியத்தைப் பார்த்தார். தனியே போய் விரல் வைத்த அன்றைக்குப் புருசன்தான் பெட்டிசக்காரியிடம் பிள்ளை பாரம் என்று சொல்லியிருக்கிறார் என்று பாக்கியம் நினைத்தார். முதல் நாளே தாய் சொல்லிவிட்டாள் என்று வேலாயுதம் நினைத்தார். ஒருவரை ஒருவர் நேரே கேட்கவும் இல்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நான் எழுதியிருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு பிறத்தியார் தன் பாட்டில் அப்படி எழுதுவார் என்று எவர் நினைப்பார்?

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்கள். பாக்கியம் குவளையை வைத்துவிட்டு, “சொல்லுங்கோ அக்கா,” என்றார்.

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காரர் பிழையாக எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலாயுதம் என்னைப் பார்த்த பார்வை பொறுக்கவில்லை. தான் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் பாக்கியத்தின் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று அந்த மனிதர் பயந்துகொண்டு நின்றார்.

“நீங்கள் ரெண்டு பேரும் சொல்லேல்லை,” என்றேன். “நான்தான் எழுதினனான்.”

வேலாயுதம் கதிரையை இழுத்து அதில் இருந்தார். வந்த நேரத்திலிருந்து இருக்கச் சொல்லியும் இராத மனிதர். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பாக்கியம் புருசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் தொழில் வழமையை விளக்கியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இப்ப இதை எப்பிடி மாத்துறது?”

எது பொய்?

அன்றே இரண்டாவது பெட்டிசம் அடித்தேன். உள்ளதை மட்டும் எழுதினேன். இரண்டு பேரிடமும் விரல் அடையாளம் வாங்கி, கந்தோரில் அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய உத்தியோகத்தரிடம் நானே கொண்டு போனேன். மெலிந்த மனிதர், சிரிக்க மாட்டார், ஆனால் ஒழுங்கானவர். முதல் பெட்டிசத்தின் பிரதியை எடுத்துப் புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ‘ள’ எழுத்து ஒரு மயிரளவு மேலே ஏறி நின்றது. என் மெஷினின் குறை அது.

“ஒரே பிள்ளை, ஒரே விரல் அடையாளம், ஒரே மெஷின்,” என்றார். “ஒண்டில ஒண்டும் விளங்காத பிள்ளை. மற்றதில கெட்டிக்காரி. எது பொய் எண்டு சொல்லுங்கோ மிஸ், மற்றதை அனுப்புறன்.”

முதலாவது, என்றேன். அப்படியானால் அதை எழுதித் தரச் சொன்னார். பெற்றோர் சொல்லாததை நான் என் பாட்டில் எழுதினேன் என்று, என் பெயரைப் போட்டு, கையெழுத்தோடு. அந்தக் கடிதம் கந்தோரின் காகிதக் கோவையில் கிடக்கும். இனி என் மெஷினில் அடித்து வருகிற எதையும் அந்தக் கந்தோரில் நம்ப மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. கச்சேரி வாசலில் குடையின் கீழ் இருந்து பெட்டிசம் எழுதுகிற மற்ற எழுத்தர்களுக்கு இந்தக் கதை அன்று பின்னேரமே போய்ச் சேரும் என்பதும் தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதை எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாக்கியம் வந்து கேட்டபோது, உத்தியோகத்தர் லீவு என்று சொன்னேன்.

பாக்கியம் நேரே கந்தோருக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். உத்தியோகத்தர் கதிரையில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து என் வாசற்படியில், மகள் குந்துகிற இடத்தில் குந்தினார். வருகிறவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். லோஞ்சு வெளிக்கிடும் நேரம் எழும்பிப் போனார். அடுத்த நாள் காலை லோஞ்சில் திரும்ப வந்து அதே இடத்தில் குந்தினார்.

மார்கழியும் பாதி போய்விட்டது. அன்று மத்தியானம் தாளைச் செருகினேன்.

‘மேற்படி வசனங்களைப் பெற்றோர் சொல்லவில்லை. நானே எழுதினேன். அவை உண்மையல்ல. இந்தக் கடிதம் அடிக்கப்படும் மேசை ஆடாமல் நிற்பதற்குக் காரணம், அதன் காலுக்குக் கடதாசி மடித்து வைத்த இந்தப் பிள்ளை. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கண்ணால் கண்டது.’

மற்றவர்களுக்காக எத்தனை ஆயிரம் தாள் அடித்திருப்பேனோ தெரியாது. என் பெயரை அடியில் எழுதியது அதுதான் முதல் தரம்.

இரண்டாவது பெட்டிசத்திலும் இதைச் சேர்த்து அடித்து, பாக்கியத்தை விரல் வைக்கக் கூப்பிட்டேன். “வாசியுங்கோ,” என்றார். வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தாளை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தையல்கடைக்குப் போனார். ஹனீபா நானா மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சத்தமாக முழுவதும் வாசித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததும் அவர் வாயிலிருந்து வந்ததும் ஒன்றுதான் என்று உறுதியான பிறகே பாக்கியம் வந்து விரலை மையில் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

இரண்டு விரல்

தையில் பிள்ளையை வந்து காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. காட்டினார்கள். எடுத்துக்கொண்டார்கள். வேலாயுதம் திரும்பி வருகிற வழியில் கந்தோருக்குப் போய் உத்தியோகத்தருக்கும் சொல்லிவிட்டு, என்னிடமும் சொல்ல வந்தார். ரயிலேறும்போது அழாத பிள்ளை விடுதி வாசலில் தன் கையை விடவில்லை என்றார். ஹனீபா நானா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

என் பக்கம் நான் பயந்தபடியேதான் நடந்தது. கனகாலம் அந்தக் கந்தோருக்குப் போகிற பெட்டிசம் ஒன்றும் என்னிடம் வரவில்லை. கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்துக் காலத்தை ஓட்டினேன். பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். பழைய பழக்கமும் திரும்பி வந்தது.

பிள்ளை போய் ஐந்து வருடம் இருக்கும். ஒரு பெரிய காற்றுமழை எங்கள் கரையைப் போட்டு அடித்துவிட்டுப் போயிருந்தது. வீடு உடைந்தவர்களுக்கு உதவி கொடுக்கிறார்கள் என்று என் வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் பாக்கியமும் நின்றார். பக்கத்தில் உயரமாய் வளர்ந்து, இரட்டைப் பின்னலோடு பவளம். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

பாக்கியம் சொன்னார், நான் அடித்தேன். அன்றைக்கு அடிக்கிற பத்தாவதோ பதினைந்தாவதோ வீடு அது. விரல்கள் தாமாகவே ஓடின. பவளம் வைத்த கடதாசி எப்போதோ நைந்து போய்விட்டது. நான் வேறு வைக்கவில்லை. மேசை பழையபடி ஆடியது.

அடித்து முடித்து, தாளை எடுத்து, வாசிப்பதற்குத் தொண்டையைச் செருமினேன். பாக்கியம் கையை நீட்டித் தாளை வாங்கினார். தையல்கடைக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. தாளை மகளிடம் கொடுத்தார்.

பவளம் நின்றபடியே வாசித்தாள். ஒரு விரல் வரி வரியாக இறங்கியது, உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. ‘குந்தியிருக்க ஓர் அறைகூட மிஞ்சவில்லை’ என்று அடித்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஊதுகுழலால் அடுப்பு ஊதுகிற மாதிரிச் செய்து ஒரு விரலை மடக்கினாள். கன்னத்தில் கையை வைத்துப் படுத்துக் காட்டி மற்ற விரலையும் மடக்கினாள்.

“குசினியும் ஒரு அறையும் நிக்குது அக்கா,” என்றார் பாக்கியம். “கூரைதான் போனது. நானும் அப்பிடித்தானே சொன்னனான்.”

ஓம், அப்படித்தான் சொன்னார். நான் தாளுக்குக் கையை நீட்டினேன். பவளம் தரவில்லை. மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்தப் பெட்டிசத்தை நாலாக மடித்து, குனிந்து, கட்டைக் காலின் அடியில் செருகினாள்.

நான் புதுத் தாள் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டேன்.